காய்ச்சின எண்ணெய்

1958ஆம் வருஷம் தை இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி ஏழு நிமிஷத்துக்கு முதல் பந்தயம் தொடங்கியது. நோட்டீஸில் நாலு மணி என்று போட்டிருந்தது. ஏழு நிமிஷத் தாமதம் சாமிக்கண்ணுவின் மாடுகளால். கடைசி வண்டிச் சாம்பலைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது செவலை மாடு தடத்தின் நடுவில் நின்றுவிட்டது. கீற்று வேலியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"மாமா, செவலைக்கு ஒரு ஹெல்மெட்டு மாட்டுங்க. அதுவும் ஓடட்டும்" என்று கத்தினான் நாராயணசாமி. அவன் தொடக்கக் கோட்டில் பந்தய மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்தான். சாமிக்கண்ணு அவனுடைய அக்காள் புருஷன்.

"உன்ன விட நல்லாத்தான்டா திரும்பும்" என்றான் சாமிக்கண்ணு. மாட்டின் வாலை முறுக்கினான்.

தட்டாஞ்சாவடியில் மல்லாட்டைக் கடலை பிடுங்கி முடிந்த கொல்லை அது. தணிகாசலம் அதை ஐந்து வருஷக் குத்தகைக்குப் பேசி வாங்கியிருந்தார். அவர் டூரிங் கொட்டகை நடத்துகிறவர். மில் பாய்லரில் எரிந்த கரிச்சாம்பலை முந்நூறு வண்டி கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, முட்டை வடிவில் தடம் போட்டார். சாம்பல் ஓட்டியது சாமிக்கண்ணு. இரண்டு மாதம் அவன் எச்சில் கறுப்பாக இருந்தது.

பந்தய வண்டிகள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. அங்கே இரண்டாம் வகுப்பில் ஓடிய ஒரு கிளப் கூட்டமில்லாமல் மூடிப்போயிருந்தது. அதன் வண்டிகள் மதராஸ் துறைமுகத்தில் இறங்கியபோது தணிகாசலம் ஆறை எடுத்துவந்தார். டாங்கில் அந்த ஊரின் பெயர் பாதி அழிந்திருந்தது. இங்கேயும் அவை இரண்டாம் வகுப்பில்தான் ஓடின. மதராஸ், பெங்களூர் மாதிரி ஊர்கள் முதல் வகுப்பு. புதுச்சேரி, கடலூர், விழுப்புரம், சிதம்பரம், திண்டிவனம், நெய்வேலி இரண்டாம் வகுப்பு. வைகாசியில் யார் முதலில் நிற்கிறார்களோ அந்த ஊருக்குக் கோப்பை, அடுத்த வருஷம் அது மேலே போகும்.

ஒரு பந்தயத்துக்கு நாலு பேர். நாலு சுற்று. இடது பக்கமாகவே திரும்ப வேண்டும். இடது பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு கட்டிக்கொள்வார்கள். திரும்பும்போது அந்தக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போக வேண்டும்.

"ஃப்ரேன் எங்க?" என்று முதல் நாள் நாராயணசாமி கேட்டான்.

"ஃப்ரேன் கிடையாது" என்றான் மெக்கானிக் ஜமால். அவன் சைகோனில் ஒரு பிரெஞ்சுக்காரன் பட்டறையில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். பிரேக்கை அவன் அப்படித்தான் சொல்வான். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் சொன்னார்கள்.

"அப்ப எப்படி நிறுத்தறது?"

"நிறுத்த வேண்டியதில்ல. நிறுத்தணும்னு நினைக்கறவன் இதுல ஏறக்கூடாது, மாப்ளே."

முதல் மூன்று ஞாயிறும் நாராயணசாமி விழுந்தான். வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்க விட வேண்டும். அவன் பயந்து நேராகப் பிடித்தான். வண்டி நேராகவே வேலிக்குள் போனது. நாலாவது வாரம் அவனுக்குப் பரம்பு அடித்தது ஞாபகம் வந்தது. சேற்று வயலில் பரம்புப் பலகைமேல் நின்றுகொண்டு மாட்டை ஓட்டினால் மூலையில் பலகை தானாகப் பக்கவாட்டில் வழுக்கும். அதை இழுத்துப் பிடிக்கக் கூடாது. காலை அகட்டிக்கொண்டு அதோடு போக வேண்டும்.

அன்றைக்கு அவன் இரண்டு பந்தயத்தில் முதலில் வந்தான்.

"எவன்டா உனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றான் ஜமால்.

"மாமாவோட மாடு."

*

வீடு கோரிமேட்டுச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஒரு கூடம், ஒரு தாழ்வாரம், பின்னால் அடுப்புக் கொட்டகை. அம்மா சாகும்போது நாராயணசாமிக்கு மூன்று வயது. அக்காள் அஞ்சலாட்சிக்குப் பதினைந்து. அடுத்த வருஷம் அவளைச் சாமிக்கண்ணுவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே புருஷன் வீட்டுக்கு வந்தாள். பிறகு அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

அவள் ஆமணக்கெண்ணெய் காய்ச்சி விற்றாள். ஆமணக்கு விதையான கொட்டமுத்தை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிடுவாள். மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் வழித்து எடுப்பாள். அதை வேறு சட்டியில் இரண்டாம் முறை காய்ச்சுவாள். சடசடவென்று தண்ணீர் வெடிப்பது நின்றதும் ஒரு கொத்து முருங்கை இலையைப் போடுவாள். இலை மொறுமொறுப்பானால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். வாரத்துக்கு இரண்டு டின் பெரிய மார்க்கெட்டுக்குப் போகும். பிள்ளை பெற்ற வீடுகளுக்குத் தனியாகச் சொல்லி வாங்குவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜமால் இங்கேதான் சாப்பிட்டான். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. கையில் கிரீஸ் வாசனை போகாது. அவன் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுவான்.

"உன் பொண்டாட்டி சோறு போடறதில்லையா பாய்?" என்பான் சாமிக்கண்ணு.

"போடுவா. கருவாடு ஆக்கினா தெரு பூரா தெரியுங்கறா. அவ அப்பா வீடு அத்தர் கடை."

"அப்ப எங்க வீடு நாறட்டும்."

"உங்க வீடு ஏற்கெனவே விளக்கெண்ணெய் நாறுது. இதுல கருவாடு எங்க தெரியப்போவுது?"

அஞ்சலாட்சி அகப்பையை ஓங்குவாள். ஜமால் தட்டோடு நகர்ந்துகொள்வான்.

மாசிக் கடைசியில், எஞ்சினுக்கு ஊற்றச் சீமையிலிருந்து வந்த எண்ணெய் தீர்ந்தது. மதராஸில் கேட்டால் இறக்குமதி லைசென்ஸ் இல்லை, டின் வராது என்றார்கள். தணிகாசலம் ஜமாலைக் கூப்பிட்டார். நாராயணசாமியும் அப்போது அங்கே இருந்தான்.

"அந்த டின்னுல இருக்கறது இன்னா எண்ணெய்?"

"விளக்கெண்ணெய்தான் முதலாளி. சுத்தம் பண்ணது."

"நம்மூர்ல இல்லாததா?"

"இருக்கு. ஆனா பதம் தெரிஞ்சவங்க காய்ச்சணும்."

"எங்க அக்கா காய்ச்சும்" என்றான் நாராயணசாமி.

ஜமால் அன்று சாயங்காலமே அடுப்புக் கொட்டகைக்கு வந்தான். அஞ்சலாட்சி அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி ஒரு சொட்டு இருக்கக் கூடாதுக்கா. ஒண்ணும் சேர்க்கக் கூடாது. நாலு மடிப்புத் துணியில வடிகட்டணும்."

"பிள்ளைக்குக் குடுக்கறத விடச் சுத்தமா கேக்கறியே."

"பிள்ளைக்குச் சேரலைன்னா வாந்தி எடுத்துடும். வண்டிக்கு எடுக்கத் தெரியாது."

அவள் எண்ணெய் நன்றாக ஓடியது. அது எஞ்சினுக்குள் போய், எரிந்து, வெளியே வந்துவிடும். ஓட்டுகிறவன் முகத்திலும் தெறிக்கும். ஞாயிறு சாயங்காலம் தட்டாஞ்சாவடி முழுக்கப் பிள்ளை பெற்ற வீட்டு வாசனை அடித்தது. கடலூர்க்காரர்கள் அதை வைத்துக் கேலி செய்தார்கள்.

"இன்னாப்பா, புதுச்சேரியில யாருக்குப் பிரசவம்?"

"உங்களுக்குத்தான். நாலாவது சுத்துல தெரியும்" என்பான் நாராயணசாமி.

கடலூரில் மதுவிலக்கு, புதுச்சேரியில் இல்லை. பந்தயம் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் தடத்தைப் பார்த்ததே இல்லை. மீதிப்பேர் நாராயணசாமியைப் பார்க்க வந்தார்கள். பங்குனியில் அவன் பதினொரு பந்தயத்தில் ஒன்பது ஜெயித்தான். சித்திரையில் மதராஸிலிருந்து ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். கோப்பை வந்தாலும் வராவிட்டாலும் இந்தப் பையனை முதல் வகுப்புக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கடைசிப் பந்தயம் முடிந்து பத்து நாளில் அவன் புறப்பட வேண்டும்.

அஞ்சலாட்சி அவனுக்கு இரண்டு சட்டை தைக்கக் கொடுத்தாள்.

"மதராஸ்ல யாரு உனக்கு எண்ணெய் தேய்ப்பா?"

"அங்க சீமை எண்ணெய்க்கா. தலைக்கும் அதையே தேய்ச்சுக்கறேன்."

*

கடைசிப் போட்டி வைகாசி ஐந்தாம் தேதி. எதிரணி கடலூர். இரண்டு ஊரும் சமமாக நின்றன.

அந்த வாரம் கத்திரி உச்சத்தில் இருந்தது. காலை எட்டு மணிக்கே கிணற்றுக் கயிறு சுட்டது. காக்கைகள் வாயைத் திறந்துகொண்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தன. புதன்கிழமை ஒத்திகை ஓட்டிவிட்டு நாராயணசாமி கால்களை அகட்டி நடந்து வந்தான். உள்தொடையில் இரண்டு கொப்புளம். கண் சிவந்திருந்தது.

ஜமால் கூடவே வந்தான். அடுப்புக் கொட்டகை வாசலில் நின்று தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

"எஞ்சின் சூடு தாங்கலக்கா. மூணாவது சுத்துலயே அனலா கொதிக்குது. மாப்ள தொடையப் பாரு."

"அதுக்கு இன்னா பண்றது?"

"வெயில நான் இன்னா பண்ண முடியும்? நாலு சுத்துதான. ஓடிடும்."

அவர்கள் போன பிறகும் அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமணக்கெண்ணெய் குளிர்ச்சிதான். ஆனால் கத்திரியில் பிறக்கும் பிள்ளைக்கு அது போதாது. அப்போது இரண்டாம் காய்ச்சலில் இளநீர் விட்டுக் காய்ச்சுவார்கள். அது சூட்டை எடுத்துவிடும். அவள் கையால் அப்படிக் காய்ச்சிய எண்ணெயைக் குடித்துப் பிழைத்த பிள்ளைகள் அந்தத் தெருவிலேயே ஏழெட்டு இருந்தன. நாராயணசாமிக்கு அம்மை கண்ட வருஷம் அவனுக்கும் அதைத்தான் கொடுத்தாள்.

"வரும்போது நாலு செவ்விளநீ கொண்டா" என்றாள் புருஷனிடம்.

வெள்ளிக்கிழமை அவள் காய்ச்சினாள். நாலு இளநீரையும் விட்டாள். எண்ணெய் பொங்கியது. அகப்பையால் அடக்கினாள். மூன்று மணி நேரம் சிறு தீயில் வைத்தாள். வெடிப்பு நின்றது. முருங்கை இலை மொறுமொறுத்தது. சட்டியின் அடியில் பழுப்பாகக் கசண்டு படிந்தது. எண்ணெயை மட்டும் இறுத்து நாலு மடிப்புத் துணியில் இரண்டு முறை வடிகட்டினாள். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

ஒன்றும் சேர்க்கக் கூடாது என்றும் ஜமால் சொல்லியிருந்தான். இளநீரைச் சேர்த்ததாக அவள் நினைக்கவில்லை. சூட்டை எடுத்ததாகத்தான் நினைத்தாள். சொன்னால் அவன் சிரிப்பான் என்று சொல்லவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஜமால் எண்ணெய் பாட்டிலை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"தங்கமா இருக்குக்கா."

*

அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாகப் பந்தயம் பார்க்கப் போனாள். சாமிக்கண்ணு அவளை மாட்டு வண்டியில் ஏற்றி வேலியோரம் நிறுத்தினான். அவள் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி சிவப்பு ஹெல்மெட்டில் இருந்தான். அவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்கு முகம் தெரியவில்லை. இடது தோளை இறக்கி உட்காரும் விதத்தில் அடையாளம் கண்டுகொண்டாள். சின்ன வயதில் அவள் இடுப்பிலும் அப்படித்தான் உட்காருவான்.

முதல் இரண்டு பந்தயமும் ஜெயித்தான். நடுவில் வேலிக்கு வந்து ஒரு கலர் சோடா வாங்கிக் குடித்தான்.

"பயந்துக்கினியாக்கா?"

"இல்லடா."

"பொய் சொல்ற. மாமா கையப் புடிச்சிருக்க."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

கடைசிப் பந்தயத்தில் அவன் முதலில் வந்தால் கோப்பை புதுச்சேரிக்கு. இரண்டு சுற்று முன்னால் ஓடினான். மூன்றாவது சுற்றின் இரண்டாம் வளைவில் சத்தம் நின்றது. அவள் முதலில் கவனித்தது அதைத்தான். நாலு சத்தத்தில் ஒன்று இல்லை. சக்கரம் சுற்றாமல் அப்படியே இறுகிக்கொண்டது. அவன் வண்டியின் தலைக்கு மேலே போய் விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தான்.

பின்னால் வந்த கடலூர்க்காரனிடமும் ஃப்ரேன் இல்லை.

அவனைத் தூக்க வந்தவர்கள் முதலில் இரும்புத் தகட்டைக் கழற்றப் பார்த்தார்கள். அது கழலவில்லை. சாமிக்கண்ணு அவனைச் சாம்பல் வண்டியில் போட்டு மாட்டை ஓட்டினான். பாதி வழியில் யாரோ கார் கொண்டுவந்தார்கள். செவ்வாய்க்கிழமை இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

*

பந்தயம் நடந்த அன்று இரவு, தடத்தில் யாரோ கட்டிவைத்திருந்த மாட்டை அவிழ்த்துவரப் போன சாமிக்கண்ணு வண்டிக் கொட்டகையில் ஜமாலைப் பார்த்தான். அவன் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான். சாமிக்கண்ணு வீட்டுக்கு வந்து அதைச் சொன்னான். அஞ்சலாட்சி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சின்னக் குழாயக் கழட்டி கையில வெச்சிருந்தான் பாய். உள்ள பழுப்பா என்னமோ அடைச்சிருந்துது. விளக்கு வெளிச்சத்துல பாத்தான். மோந்து பாத்தான்."

"மோந்து?"

"பாகு கருகினா ஒரு வாசனை வருமே, அது எனக்கே அடிச்சுது. அப்புறம் குச்சி விட்டுக் குத்தி, ஸ்பிரிட்டு ஊத்திக் கழுவிட்டான். அதுக்குள்ள முதலாளி வந்துட்டாரு. இன்னாய்யா ஆச்சுன்னாரு. எண்ணெய்க் குழாயில தூசி அடைச்சிருக்கு முதலாளி, நான் ஊதிப் பார்க்காம மாட்டிட்டேன்னான்."

"அவர் இன்னா சொன்னாரு?"

"இன்னா சொல்வாரு. ஒரு பையன் கால அழிச்சிட்டியேடான்னாரு. நாளைலேர்ந்து வராதன்னாரு."

அவள் மடித்த சேலையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"பாய் வேற ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டான். அக்கா சாப்பிட்டுச்சான்னு கேட்டான்."

சாமிக்கண்ணு செம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்தான். பிறகு அடுப்புக் கொட்டகை மூலையில் வெட்டிப்போட்ட இளநீர் மட்டைகளைப் பார்த்தான். நாலு மட்டை. காய்ந்து உள்பக்கம் கறுத்திருந்தன.

"நாலு எளநீ கொண்டாந்தேன். எனக்கு ஒண்ணு கூடக் குடுக்கலையே நீ" என்றான்.

அவள் துணி மூட்டையைக் கட்டினாள். அவன் அதற்குப் பிறகு அதைப் பேசவில்லை. மறுநாள் மட்டைகள் அங்கே இல்லை.

ஆஸ்பத்திரியில் நாராயணசாமி மூன்று வாரம் இருந்தான். முதல் வாரம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். இரண்டாம் வாரம் பேசினான்.

"அன்னிக்கு எண்ணெய் உதட்டுல தெறிச்சுதுக்கா. எப்பவும் கொமட்டும். அன்னிக்கு லேசா தித்திச்சுது."

அவள் அவனுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கலர் குடிச்சிருந்தேன் இல்ல. அதான் போல" என்றான்.

"அதான்டா" என்றாள்.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் அவளுக்குப் பிறகு கிடைக்கவில்லை.

அன்று மத்தியானமே ஜமால் வந்தான். கையில் மூடி போட்ட தூக்கு. அவன் பெண்டாட்டி பதுருன்னிசா கொடுத்தனுப்பியது. கட்டிலிலிருந்து நாலு அடி தள்ளி நின்றான்.

"எலும்புக்கு நல்லதுன்னு சொன்னா, மாப்ளே. ஆட்டுக்கால் சூப்பு."

நாராயணசாமி அவனையே பார்த்தான்.

"என் கால எடுத்துட்டு ஆட்டுக் கால் குடுக்க வந்தியா?"

ஜமால் தூக்கைக் கீழே வைத்தான். நாராயணசாமி கைத்தடியை எட்டி எடுத்து அதைத் தட்டிவிட்டான். சூப் கட்டில்களுக்கு அடியில் ஓடியது. அஞ்சலாட்சி குனிந்து புடவைத் தலைப்பால் தரையைத் துடைத்தாள். அவள் நிமிர்ந்தபோது ஜமால் இல்லை.

*

அடுத்த வருஷம் பந்தயம் இல்லை. கடலூர் மேலே போனது. முதல் வகுப்பே பாதியில் நின்றுவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். தணிகாசலம் வண்டிகளை இரும்பு விலைக்குப் போட்டார். நிலத்துக்காரர் வேலியைப் பிடுங்கிவிட்டு மறுபடி மல்லாட்டை போட்டார். சாம்பல் தடம் இருந்த இடத்தில் மட்டும் செடி மஞ்சளாக வந்தது. மேட்டிலிருந்து பார்த்தால் வயலுக்குள் ஒரு பெரிய முட்டை தெரிந்தது.

தணிகாசலம் நாராயணசாமிக்கு டூரிங் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் வேலை கொடுத்தார். உட்கார்ந்தே செய்யலாம். ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவன் தலையைத் திருப்புவான். சத்தம் தேய்ந்த பிறகு ஒரே வாக்கியத்தைச் சொல்வான்.

"ஊதிப் பாத்திருந்தா ஒரு நிமிஷம் ஆயிருக்கும் அவனுக்கு."

வீட்டில் சொல்வான், கொட்டகையில் சொல்வான். ஊரும் சொன்னது. ஜமாலிடம் வண்டி விட ஆள் வரவில்லை. கிராமங்களுக்குப் போய்த் தண்ணீர் இறைக்கும் எஞ்சின்களைப் பழுது பார்த்துப் பிழைத்தான்.

அறுபதாம் வருஷம் ஆடி மாதம் ஒரு நாள் பெரிய மார்க்கெட்டின் மீன் வாசலில் அஞ்சலாட்சி அவனைப் பார்த்தாள். அவள் எண்ணெய் போட்டுவிட்டுக் காலி டின்னோடு வந்துகொண்டிருந்தாள். அவன் ஒரு பம்பைக் கோணியில் சுற்றி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றான். மெலிந்திருந்தான். அடிக்கடி இருமினான்.

"எண்ணெய் வித்துடுச்சாக்கா?"

"வித்துடுச்சு. தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வேணாம்."

"நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"அதான் சொல்றேன், வேணாம்."

மீன் கூடைக்காரி ஒருத்தி இடித்துக்கொண்டு போனாள். இருவரும் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

"அன்னிக்கு நான் எளநீ..."

"அக்கா. வண்டி சூடாவுதுன்னு உன் அடுப்பண்ட நின்னு சொன்னவன் நான். யார்கிட்ட எதச் சொல்லணும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பாட்டில வெயில்ல காட்டிப் பாத்தேன். மோந்து பாத்திருக்கணும்."

"அவன் உன்னத் தெனம் திட்டறான்டா. காது குடுத்துக் கேக்க முடியல."

"திட்டட்டும். கால் போனவனுக்குத் திட்ட ஒரு ஆள் வேணும். அக்காவத் திட்டிட்டு அவன் எங்கப் போய்ச் சோறு துன்னுவான்?"

"நான் சொல்லிடறேன். இன்னிக்கே சொல்லிடறேன்."

அவன் பம்பின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தான்.

"இன்னிக்கு வேணாம். அவனுக்கு ஒரு கல்யாணம் ஆவட்டும். வீட்டுல இன்னொரு மனுஷி வரட்டும். அப்ப சொல்லு. சொல்லிட்டு எனக்கு ஆள் அனுப்பு, வரேன். மாப்ளகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும் எனக்கு."

"இன்னா பேசுவ?"

"களி ஆக்கச் சொல்லுவேன்."

பஸ் வந்தது. அவன் பம்பைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

*

அறுபத்தொன்றில் நாராயணசாமிக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் சந்திரகலா, வில்லியனூர்ப் பக்கம். அமைதியான பெண். அவனுடைய மரக்காலை இரவில் கழற்றித் துடைத்து வைப்பாள். அஞ்சலாட்சி ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் சொல்லலாம் என்று வைத்தாள். தை போயிற்று. மாசி போயிற்று. சந்திரகலா முழுகாமல் இருந்தாள். இந்த நேரத்தில் வேண்டாம் என்று அஞ்சலாட்சி நினைத்தாள்.

சித்திரையில் அவள் மார்க்கெட்டில் எண்ணெய் போடும் கடையில் ஜமாலின் பெண்டாட்டி பதுருன்னிசாவைப் பார்த்தாள். வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள்.

"எப்ப?" என்றாள் அஞ்சலாட்சி.

"மாசி பதினாலு. நெஞ்சு சளி. ரெண்டு மாசமா படுத்திருந்தாரு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலையேம்மா."

"நான் அனுப்பறேன்னேன். வேணாம், அங்கேர்ந்து ஆள் வரும்னாரு. வாசல்ல சைக்கிள் சத்தம் கேட்டா யாருன்னு பாக்கச் சொல்லுவாரு."

பதுருன்னிசா எண்ணெய்க்குக் காசு கொடுத்துவிட்டுப் போனாள். அஞ்சலாட்சி வீட்டுக்கு வந்தாள். சாமிக்கண்ணு மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொன்னாள். அவன் மிச்சத் தவிட்டையும் தொட்டியில் கொட்டிக் கரைத்தான். தம்பியிடம் இரண்டு பேருமே சொல்லவில்லை. சாவைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆவணியில் குழந்தை பிறந்தது. ஆண். பிரான்ஸா இந்தியாவா, எந்த நாட்டுக் காகிதத்தில் பெயர் எழுதிக்கொள்வது என்று ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த மாதம். மழை வரவில்லை. வெயில் வைகாசி மாதிரி அடித்தது. ஆறாம் நாள் குழந்தையின் உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளியாக வந்தது.

"சூடுதான் அண்ணி. எங்கம்மா எளநீ விட்டு எண்ணெய் காய்ச்சுவாங்க" என்றாள் சந்திரகலா, படுத்தபடியே. "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அஞ்சலாட்சி.

நாலு வருஷமாக அவள் இளநீர் விட்டு எண்ணெய் காய்ச்சவில்லை. கேட்டு வந்தவர்களுக்கு வராது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். இன்றைக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. சாமிக்கண்ணு இரண்டு செவ்விளநீர் கொண்டுவந்து வெட்டினான். வெட்டிவிட்டு அங்கே நிற்காமல் மாட்டை ஓட்டிக்கொண்டு போனான்.

மத்தியானம் நாராயணசாமி அடுப்புக் கொட்டகைக்கு வந்தான். மரக்காலை நீட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தான். அப்பா ஆனதிலிருந்து அவனுக்குப் பேச்சு கூடியிருந்தது.

"அவன் கை இருக்குதே, பிடிச்சா விட மாட்டேங்கறான்க்கா. ஹேண்டில் பார் பிடிக்கிற கை."

"போதும்டா. உன்னோட நிக்கட்டும்."

"சும்மாதான் சொன்னேன். வாத்தியாருக்குப் படிக்க வைப்போம்."

முருங்கை இலை மொறுமொறுத்தது. அவள் சட்டியை இறக்கினாள். எண்ணெயைத் துணியில் இறுத்தாள். சட்டியின் அடியில் பழுப்பாகக் கசண்டு படிந்திருந்தது.

"அம்மை வந்தப்ப இதத்தான வழிச்சிக் குடுப்ப? கொஞ்சமா எண்ணெயும், நிறைய இதுவும்" என்றான். அவள் தடுக்குமுன் விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டான்.

அவன் தாடை அசைந்தது. பிறகு நின்றது. அன்றைக்கு எண்ணெய் தெறித்த உதட்டை நாக்கால் ஒரு முறை தடவினான். சட்டிக்குள் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான். வெட்டிப்போட்டிருந்த இரண்டு மட்டைகளைப் பார்த்தான். அஞ்சலாட்சி துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். எண்ணெய் எப்போதோ வடிந்துவிட்டது. அவள் பிழிந்துகொண்டே இருந்தாள்.

உள்ளே குழந்தை அழுதது. சந்திரகலா ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினாள். அழுகை அடங்கியது.

நாராயணசாமி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். மரக்காலின் வாரை அவிழ்த்து மறுபடி இறுக்கினான். அதற்கு அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

"களி ஆக்குக்கா" என்றான். "கருவாடு இருக்குதா? ஜமாலுக்கு ஆள் அனுப்பு. நான் கூப்பிட்டேன்னு சொன்னா வருவானா?"